குறைந்த செலவில் வீடும் அடுப்பும் தோட்டமும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் பழக வருகிறவர்களும், பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்களும், டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்த வீடியோவைக் கைப்பேசியில் பார்த்து அப்படியே செய்கிறார்கள், இங்கே சரிவருவதில்லை. நம்முடைய மண் வேறு, மழை வேறு, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சூடுகூட வேறு. அதனால் எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதாமல், இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு ஏற்ற பதில்களை மட்டும் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"காசும் இல்ல, நேரமும் இல்ல. எதுல இருந்து தொடங்குறது?"

கடையில் கொஞ்சமாக வாங்கி அதிகமாகக் காசு கொடுக்கும் சாமான் எது என்று முதலில் பாருங்கள். கரட், கோவா, லீக்ஸ் எல்லாம் நம் மலையில் விளைகிறவை. வரத்துக் கூடினால் சந்தையில் மலிந்துவிடும். அவற்றை நட்டு மூன்று மாதம் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. கொத்தமல்லி இலை, வெங்காயத்தாள், கீரை, கொச்சிக்காய் ஆகியவைதான் தினமும் சில்லறையைக் கரைப்பவை.

கடையில் வாங்கிய லீக்ஸின் வேர்ப்பக்கத்தை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, அந்தக் கட்டையை மண்ணில் ஊன்றினால் இலை திரும்ப வரும். முளைவிட்ட சின்ன வெங்காயத்தைப் பழைய பால்மா டின்னில் ஊன்றிக் குசினிக் கதவோரம் வையுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இது பிடித்திருந்தால் அடுத்ததைப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் தையலோ சமையலோ எது மனதுக்கு ஒட்டுகிறதோ அங்கே போகலாம். எல்லாவற்றையும் எல்லாரும் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை.

"இஸ்தோப்புக்கு முன்னால கையகல மண்தான் இருக்கு. அதுல என்ன வரும்?"

நினைப்பதைவிடக் கூடுதலாகவே வரும். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் ஒரு பாத்தி போட்டால் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். அந்த ஒரு பாத்தியில் கீரையை அறுக்க அறுக்க வரும்படி வைத்தால் சின்னக் குடும்பத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுண்டலுக்கு ஆகும்.

மண்ணே இல்லையென்றால் வெறும் உரப்பை போதும். நன்றாகக் கழுவி, வாயைப் பாதிவரை மடித்துவிட்டு, அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே பக்கவாட்டில் ஓட்டைகள் போடுங்கள். நம் மழைக்கு ஓட்டை குறைந்தால் வேர் அழுகிவிடும். உருளைக்கிழங்கு, பீட்ரூட், கொச்சிக்காய் மூன்றும் பையில் நன்றாக வரும். மூடுபனி அதிகமான இடமாக இருந்தால் காய்களைவிட இலைகளை நம்புங்கள். காய்க்கு வெயில் வேண்டும். வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் சலாதுக்கும் அரைநாள் வெளிச்சம் போதும்.

"லயத்து நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். நாளைக்கு எடுத்துக்கிட்டா?"

நியாயமான பயம்தான். பழைய மரக்கறித் துண்டாக இருந்தால் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். புதிதாக இடம் பிடிப்பதாக இருந்தால் தோட்டக் கந்தோரில் கேட்காமல் மம்பட்டியை எடுக்க வேண்டாம். மரம் நடாமல், மூன்று மாதத்தில் முடியும் பயிராக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன உரப்பை முறைக்கு இங்கே இன்னொரு பலன் உண்டு: வீடு மாறினால் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். 7 பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்தவர்கள் கொய்யா, மரத்தக்காளி, கொடித்தோடை என்று தைரியமாக நடலாம்.

"விதை முளைக்குது, ஆனா வளரவே மாட்டேங்குது. பீட்ரூட் கோலிக்குண்டு சைஸ்லயே நிக்குது."

இந்தப் பக்கத்திலேயே அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். விதையைக் குறை சொல்ல வேண்டாம்; மண் புளித்திருக்கிறது. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், பிஎச் (மண்ணின் புளிப்பு அளவு; எண் குறைந்தால் புளிப்புக் கூடுதல்) 4.5 முதல் 5.5 வரை அதற்குச் சுகம். மரக்கறிகளில் பெரும்பாலானவை 6க்கு மேல் எதிர்பார்க்கின்றன. காலங்காலமாகத் தேயிலை இருந்த மண்ணில், ஆண்டு முழுவதும் மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போகும் சரிவில், பீட்ரூட்டும் போஞ்சியும் கோவாவும் சோர்ந்துதான் நிற்கும்.

டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) வாங்கினால் சதுர மீற்றருக்கு 200 கிராம் அளவில், நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணில் கொத்திக் கலந்துவிடுங்கள். காசு செலவழிக்க முடியாவிட்டால் விறகடுப்புச் சாம்பல். ஆறிய சாம்பலைச் சலித்து, சதுர மீற்றருக்கு இரண்டு பிடி தூவிக் கிளறுங்கள். அதில் பொட்டாசியமும் உண்டு. பிளாஸ்டிக், பொலிதீன், பெயின்ட் அடித்த பலகை எரிந்த சாம்பல் கூடாது. பச்சை மாட்டெருவோடும் யூரியாவோடும் சாம்பலைச் சேர்த்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்; இடையில் ஓரிரு வாரம் விடுங்கள். உருளைக்கிழங்கு போடும் இடத்தில் சாம்பல் வேண்டாம், தோலில் சொறி விழும்.

கோவாச் செடி நடுப்பகலில் வாடி, பிடுங்கிப் பார்த்தால் வேர் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அது வேர்வீக்க நோய். புளித்த ஈர மண்ணில்தான் அது கொண்டாட்டம் போடும். அந்த இடத்தில் சில வருடங்களுக்குக் கோவா, நோக்கோல், ராபு எதையும் வைக்காதீர்கள்.

"தேயிலைச் சக்கையை அப்படியே செடிக்குப் போடலாமா?"

போடலாம். பாலும் சீனியும் சேராத சக்கையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரும். மேலே தடிப்பாகக் கொட்டினால் பூஞ்சணம் பிடித்துத் தட்டாக இறுகிவிடும், தண்ணீர் இறங்காது. மண்ணோடு கிளறிவிடுங்கள், அல்லது குப்பை உரத்தில் சேருங்கள்.

"உரமே வாங்காம முடியுமா? 2021ல பட்ட பாடு போதும்."

2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்து, நவம்பருக்குள் அதைத் தளர்த்த வேண்டி வந்தது. அந்த மாதங்களில்தான் நம் வீடுகளில் பலர் குப்பை உரத்தைக் கவனிக்கத் தொடங்கினார்கள். விற்பனைக்குப் பயிர் செய்கிறவர்களின் கணக்கு வேறு. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருப்பவருக்கு உரக்கடைப் பக்கம் போகாமலே சமாளிக்க முடியும் என்பது என் அபிப்பிராயம்.

குளிரில் குப்பை மக்கத் தாமதமாகும். பதுளையில் இரண்டு மூன்று மாதத்தில் ஆகிற வேலைக்கு நுவரெலியாவில் நாலைந்து மாதம்வரை பிடிக்கும். குவியலுக்கு மேல் பழைய பொலிதீனோ தகரமோ போட்டு மூடுங்கள். மழை நேரே விழுந்தால் சத்து வடிகானோடு ஓடிவிடும். பச்சை ஒரு தட்டு, காய்ந்தது ஒரு தட்டு, நடுவில் மாட்டெரு. ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியை யாரும் சீண்டுவதில்லை. அதன் இலையில் தழைச்சத்து நிறைய. பூக்கும் முன் வெட்டிக்கொண்டு வந்து குவியலில் போடுங்கள். தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் முள்ளுமுருக்கு வெட்டும்போது கிடைக்கும் இலையும் அப்படித்தான். விதை பிடித்த மானாப்புல்லை மட்டும் சேர்க்காதீர்கள், பிறகு வருடம் முழுவதும் புல் பிடுங்குவதுதான் வேலை.

"எந்த மாசத்துல நடுறது? வவுனியாவுல இருக்கிற அக்கா சொல்ற மாசம் இங்க சரிவரல்ல."

மலைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. அதே யூலை, ஓகஸ்டில் பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து, காற்று தூக்கிக்கொண்டு போகும். அங்கே ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் நல்ல மழை. மேற்குப் பக்கத்தவர் போஞ்சி, தக்காளி போன்ற மென்மையான பயிரை ஜனவரியில் தொடங்கி மே மழைக்கு முன் முடிக்கப் பாருங்கள். ஊவாப் பக்கத்தவர் ஒக்டோபர் மழையை ஒட்டித் தொடங்குங்கள்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் உறைபனி விழும். மாலையில் உருளைக்கிழங்கு, போஞ்சிப் பாத்திகளைச் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். மூட மறந்த அன்று, வெயில் ஏறும் முன் இலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் ஓரளவு தப்பும்.

"தக்காளி நல்லா வந்துச்சு, ரெண்டு நாள்ல எல்லாம் கருகிப் போச்சு."

பின்வெளிறல் நோய். குளிரும் ஈரமும் சேர்ந்து இலை மணிக்கணக்கில் நனைந்தே கிடந்தால் வரும். உருளைக்கிழங்குக்கும் இதே நோய்தான், அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. நாலு கம்பு நட்டு, மேலே பொலிதீன் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். கருகிய செடியைக் குப்பை உரத்தில் போடக் கூடாது.

இவ்வளவு பாடுபட மனமில்லையா? மரத்தக்காளி வையுங்கள். நம் குளிருக்கென்றே பிறந்த மரம். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். சுட்டு, தோலுரித்து, செத்தல் மிளகாயோடு வைத்துத் தட்டினால் வரும் சம்பலுக்குத் தேங்காயே தேவையில்லை.

"கறிவேப்பிலை மட்டும் வரவே மாட்டேங்குதே?"

குளிர் பிடிக்காத செடி அது. பதுளையில் மரமாகிவிடும், நுவரெலியாவில் நாலு இலையோடு நிற்கும். சாடியில் வைத்து அடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம், காற்று படாத வெயிலில் வைத்தால் தப்பலாம். ரம்பைக்கும் இதே பதில். கீழ்ப்பக்கம் போகிறவர்களிடம் ஒரு கட்டு வாங்கிவரச் சொல்லி, நிழலில் உலர்த்திப் போத்தலில் வைப்பது இன்னும் சுலபம்.

"நத்தை ஒரு பக்கம், காட்டுப்பன்றி ஒரு பக்கம். யாருக்காக நடுறோம்னே தெரியல."

நத்தைக்கும் ஓடில்லாத அட்டைநத்தைக்கும், ஈரச்சாக்கை மடித்து மாலையில் பாத்தியோரம் போடுங்கள். இரவெல்லாம் தின்றுவிட்டு விடிந்ததும் அதன் அடியில்தான் ஒதுங்கும். காலையில் சாக்கைப் புரட்டிப் பொறுக்கிவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், கீரையையும் நன்றாகக் கழுவுங்கள். பன்றிக்கு வேலி ஒன்றுதான் வழி. பழைய தகரத்தை ஓரடி மண்ணுக்குள் புதைத்து நட்டால் தோண்ட முடியாது. கரண்ட் கம்பி இழுக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அது சட்டப்படி குற்றம். இரவில் பன்றிக்கு இழுத்த கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். குரங்குக்கு என்னிடம் பதில் இல்லை. கிழங்கு வகைகளைக் கூட்டுங்கள், பழ வகைகளைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

"பருப்பு, கடலை எல்லாம் வேகவே மாட்டேங்குது. காஸ் முடிஞ்சிடுது."

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொழும்பில் 100 பாகையில் கொதிப்பது, ஹட்டனில் 96க்குக் கிட்டவும், நுவரெலியாவில் 94க்குக் கிட்டவும் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, காஸ்தான் வீணாகும். அதனால் இங்கே பிரஷர் குக்கர் ஆடம்பரம் இல்லை. வீட்டுக்கு ஒரே ஒரு சாமான் வாங்கக் காசு சேர்ந்தால் இதை வாங்கச் சொல்வேன்.

குக்கர் இல்லாதவர்கள் கடலையை முதல்நாள் மாலையே ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். பழப்புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகுதான். பானையில் நன்றாகக் கொதி வந்ததும் இறுக்கி மூடி, பெட்டியில் வைத்துப் பழைய கம்பளியால் சுற்றி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் மிச்சம் தானாகவே வெந்துவிடும். சிவப்புப் போஞ்சி விதைக்கு மட்டும் கம்பளிக்கு முன் குறைந்தது அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கெடுக்கும்.

"அப்போ விறகு நல்லதா, காஸ் நல்லதா?"

இரண்டும். நேரமெடுக்கும் சமையலும் குளிக்கும் தண்ணீரும் விறகில், காலைப் பிளேன்டீயும் தாளிப்பும் காஸில். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடைக்கும் மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள்) அருமையான விறகு. ஆனால் ஈரமிலாறு புகைதான் கொடுக்கும். வெயில் காலத்திலேயே சேர்த்து அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிவிடுங்கள். மூன்று கல் அடுப்பை விட்டுவிட்டுக் களிமண் அனகி அடுப்புக்கு மாறினால், ஒரே தீயில் இரண்டு பானை ஏறும், விறகும் குறையும். புகைபோக்கி இல்லாத அடுப்படியில் சின்னப் பிள்ளைகளைப் படிக்க உட்காரவைக்காதீர்கள்.

"தோசை மா புளிக்கவே மாட்டேங்குது. சோடா போட்டா ருசியில்ல."

வெயில் ஊரில் ஒரு இரவில் பொங்கும் மா, நம் குளிரில் மறுநாள் மதியம்கூட அசையாது. செய்ய வேண்டியதெல்லாம் சூட்டைக் காப்பாற்றுவது. உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறவையுங்கள். அரைக்கும்போது பச்சைத் தண்ணீருக்குப் பதில், விரல் வைத்தால் இதமாக இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். கையால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். உப்பைப் புளித்த பிறகு சேர்த்தால் போதும், முதலிலேயே போட்டால் குளிரில் இன்னும் மந்தமாகும்.

இரவு அரைத்து வைக்காமல் காலையில் அரைத்தால் பகல் சூடும் கிடைக்கும். மாப்பானையை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய சட்டிக்குள் இறக்கி, துணியால் சுற்றி, சமைத்து முடித்த அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுப்புக்கு மேலே வைத்தால் அடிப்பக்கம் வெந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டிப் பழைய மாவை எடுத்துவைத்துப் புதிய மாவில் கலந்தால், இரண்டாம் முறையிலிருந்து வேலை சுலபம். தயிர் உறைய வைப்பதற்கும் இதே ஏற்பாடுதான்.

"தேங்காயெண்ணெய் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. கலப்படமா?"

இல்லை. சுத்தமான தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். நம் வீடுகளில் அது உறையாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அகன்ற வாயுள்ள போத்தலில் வைத்துக் கரண்டியால் எடுங்கள். அளவாகப் போகும், சிந்தாது.

"தேங்காய் விற்கிற விலைக்கு ரொட்டியும் சம்பலும் எப்படிச் செய்றது?"

பால் பிழிந்த தேங்காய்ப்பூவைக் கொட்டாதீர்கள். ரொட்டிக்கு அதுவே போதும். இரண்டு சுண்டு கோதுமை மாவுக்கு அரைச் சுண்டு பிழிந்த பூ. மிச்ச இடத்தை மரக்கறியால் நிரப்புங்கள்.

எனக்குப் பிடித்தது லீக்ஸ் ரொட்டி. கறிக்கு வெள்ளைப் பகுதியை எடுத்துக்கொண்டு பலர் எறிந்துவிடும் பச்சைப் பகுதிதான் இதற்கு வேண்டும். இலை மடிப்புக்குள் மண் இருக்கும், அதனால் நீளவாக்கில் கீறி விரித்துக் கழுவுங்கள். முடிந்தவரை மெல்லியதாக வெட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து பத்து நிமிடம் வையுங்கள். லீக்ஸ் தண்ணீர் விட்டு வாடிப்போகும். அதில் வெங்காயம், கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, கடைசியாக மா. முதலில் தண்ணீரே ஊற்றாமல் பிசைந்து பாருங்கள். லீக்ஸ் விட்ட தண்ணீரிலேயே பாதி மா சேர்ந்துவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சேருங்கள். தடிப்பாகத் தட்டி, சின்னத் தீயில், ஓரம் நிறம் மாறும் வரை பொறுமையாகச் சுடவேண்டும். துருவிய கரட்டிலும், துருவிப் பிழிந்த மேரக்காயிலும் இப்படியே செய்யலாம். தொட்டுக்கொள்ள மேலே சொன்ன மரத்தக்காளிச் சம்பல்.

"மலிவா இருக்குன்னு நிறைய வாங்குறேன், பாதி அழுகிப் போகுது."

கரட்டின் இலையை வாங்கிய அன்றே வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த இளம் இலையும் நோக்கோல் இலையும் பீட்ரூட் இலையும் சுண்டலுக்கு ஆகும். கரட்டை ஈரமணலில் புதைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். கோவாவைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். உருளைக்கிழங்கை இருட்டில் வையுங்கள், பச்சை பிடித்தது நஞ்சு, வெட்டி எறியுங்கள். மேரக்காய் கொடியிலேயே நிற்கட்டும். காய் இல்லாத நாளில் அதன் கொழுந்தைப் பறித்து வறுக்கலாம்.

மிச்சத்துக்கு அச்சாறு. கரட், போஞ்சி, சின்ன வெங்காயம், கொச்சிக்காய் இவற்றைக் கொதிக்கும் வினாகிரியில் ஒரு நிமிடம் காட்டி எடுத்து, அரைத்த கடுகும் சீனியும் உப்பும் சேர்த்துக் கொதிக்க வைத்துக் காய்ந்த போத்தலில் போடுங்கள். வினாகிரியைத் தண்ணீர் கலந்து மலிவாக்க நினைக்காதீர்கள், கெட்டுவிடும். வெயிலில் வற்றல் போடும் வீடியோக்களை ஊவாக்காரர்கள் யூலையில் பார்க்கலாம். மற்றவர்களுக்கு அடுப்புப் பரண்தான் வெயில்.

"தையல் மெஷின் இல்ல. கையால என்ன செய்யலாம்?"

பழைய சேலை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று விரித்து, நடுவில் கிழிந்த போர்வையை வைத்து, விரல் அகல இடைவெளியில் நேர்கோடாக ஓட்டுத்தையல் போட்டால் குளிருக்குப் போதுமான தடித்த போர்வை. மாலையில் நாலு வரிசை என்று தைத்தால் வேலையாகவே தெரியாது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக் கிழிந்த படங்கையும் உரப்பையையும் வெட்டினால் வாசல் மிதியடி.

பின்னல் தெரிந்தவர்கள் புது நூல் வாங்க வேண்டாம். நுவரெலியா பேல் கடைகளில் (பழைய உடுப்பு விற்கும் கடைகள்) அளவில்லாமல் கிடக்கும் பழைய சுவெட்டர்தான் நம் நூல்கடை. வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பக்கத்தையலைப் பாருங்கள். இரண்டு பின்னல் ஓரங்களைச் சேர்த்துச் சங்கிலிபோலத் தைத்திருந்தால் நூல் ஒரே இழையாக அவிழும். வெட்டி, ஓவர்லொக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் அறுந்து துண்டுதுண்டாகத்தான் வரும், விட்டுவிடுங்கள். தையலைப் பிரித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்து, கதிரை முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசி, கீழ்முனையில் ஒரு கரண்டியைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருள் நிமிர்ந்துவிடும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் செய்தால் சீக்கிரம் காயும்.

"பழசை வச்சு அலங்காரம் செஞ்சா வீடு குப்பைமேடு மாதிரி தெரியுதே?"

பிளாஸ்டிக் போத்தல் பூ, ஸ்ட்ரோ தோரணம், சீடித் தட்டு மயில் என்று செய்து தொங்கவிட்டால் தெரியத்தான் செய்யும். அவை தூசு சேர்க்கும் கைவேலைகள். தினமும் கைபடும் பொருளை அழகாகச் செய்யுங்கள்: பானை பிடிக்கும் துணி, கதவுச் சீலை, மேசைவிரிப்பு. வீட்டில் இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். ஓரத்தில் ஒரு வரிசைப் பூத்தையல் போதும்.

"மழைக்காலத்துல துணி காயாது, சுவர் எல்லாம் பூஞ்சணம்."

அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவையுங்கள். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் கதவுகளைத் திறவுங்கள். பூஞ்சணத்தைத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடிப்பது பெயின்டைவிட மலிவு, நம் சுவருக்கும் நல்லது. துணி காயவைக்கவோ குளிர் காயவோ மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைக்க வேண்டாம். கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணம் இல்லை; தூக்கத்திலேயே உயிர் போகும்.

"வீட்டுக்குப் பின்னால மண்மேட்டை வெட்டினா இன்னும் நாலு பாத்தி போடலாமே?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் வேண்டாம் என்று மிக அழுத்திச் சொல்லும் வேலைகளில் இது ஒன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் பதுளையும் கண்டியும் நுவரெலியாவும் பட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம். சரிவின் அடியை வெட்டினால் மேலே நிற்கும் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும்.

சரிவில் பயிர் செய்யத்தான் வேண்டுமென்றால் பாத்தியை மேலிருந்து கீழாகப் போடாமல் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். ஓரத்தில் கல் அடுக்கி, வெட்டிவேரோ எலுமிச்சைப்புல்லோ வரிசையாக நடுங்கள்; புல்லை வெட்டித் தேநீரிலும் போடலாம். கானை இலை அடைக்காமல் வைத்திருங்கள். மண்ணில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பாத்தியை மறந்துவிட்டு ஆட்களை வெளியேற்றி, கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உங்கள் இடம் அபாயப் பகுதியா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

"இவ்வளவும் செஞ்சா உண்மையிலேயே காசு மிஞ்சுமா?"

எல்லாவற்றிலும் மிஞ்சாது. புது நூல் வாங்கிப் பின்னும் சுவெட்டர் கடை விலையைத் தாண்டும். காஸில் வீட்டிலேயே பாண் சுடுவதும் அப்படித்தான். வீட்டுக் கரட் பற்றி முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். நிச்சயமாக மிஞ்சுவது கீரை, கொச்சிக்காய், பழைய துணி வேலை, பிள்ளைகளுக்குக் கடைப் பக்கற் தீனிக்குப் பதிலாகக் கட்டிக்கொடுக்கும் அவித்த கடலையும் ரொட்டியும்.

காசு மிஞ்சாவிட்டாலும் சுவெட்டர் பின்னுகிறவர் பின்னட்டும். மழை பெய்யும் மாலையில் கைக்கு ஒரு வேலை இருப்பது சும்மா இல்லை. அதைச் சிக்கனம் என்று கணக்கில் எழுதாமல் சந்தோஷம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"ஒவ்வொரு தடவையும் விதை வாங்கணுமா? நம்ம செடியிலயே எடுக்கலாமா?"

சிலவற்றில் எடுக்கலாம். போஞ்சி, கொத்தமல்லி, கொச்சிக்காய், தக்காளி, கீரை வகைகள் சுலபம். பைக்கற்றில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் அதன் பிள்ளைச் செடி தாயைப்போல வராது. கோவாவும் கரட்டும் லீக்ஸும் இரண்டாம் வருடம்தான் விதைக்குப் போகும், அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், வாங்குவதே மேல். சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கை விதைக்கிழங்காக நடுவதும் நல்லதல்ல. அதோடு வாடல் நோயும், நுவரெலியா மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நூற்புழுவும் உங்கள் மண்ணுக்கு வந்து சேரும். எது எங்கே கிடைக்கும் என்று விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

தக்காளி விதையைச் சதையோடு ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கியதைக் கழுவித் தட்டில் காயவையுங்கள். தாளில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும். போஞ்சி நெற்று மஞ்சளாகத் தொடங்கியதும் கொடியோடு பிடுங்கி அடுப்புப் பரணில் தொங்கவிடுங்கள். மழையில் விட்டால் நெற்றுக்குள்ளேயே முளைத்துவிடும். காய்ந்த விதையைச் சின்னப் போத்தலில் கொஞ்சம் சாம்பலோடு போட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். கோவா விதையும் ராபு விதையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.